விரல் ஏரிக் கரைகளில் திராட்சைக் குடியானவர்கள்

விளைவிப்பது ஒரு தொழில்; விளைந்ததை நல்ல விலைக்கு விற்பது வேறொரு தொழில். முதல் தொழிலில் வல்லவரான குடியானவர் பலர், இரண்டாவதில் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்கின்றனர். தறியில் அமர்ந்து சேலையை நெய்து முடிக்கும் நெசவாளியின் நிலையும் பல ஊர்களில் இதுவே. நூலைக் கொடுப்பவரும் துணியை வாங்குபவரும் ஒருவரே என்றால், கூலியை நிர்ணயிப்பவர் யார் என்று கேட்க வேண்டுவதில்லை. இத்தகைய நிலையில் நூறாண்டுக் காலம் இருந்து, பின்னர் அதினின்று மெல்ல மெல்ல வெளிவந்த ஒரு வட்டாரத்தைப் பற்றி நம் அங்கத்தினர் அறிந்துகொள்வது நலம். அது கடல் கடந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் உள்ளது. அங்கே விளையும் பொருள் திராட்சை. அது விலையாகும் உருவம் பெரும்பாலும் திராட்சை மது.

மதுவைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவானேன் என்று சிலர் ஐயுறலாம். குடியின் கேட்டை நம் குடும்பங்கள் நன்கறியும். அதனை அருந்துமாறு இக்கட்டுரை எவரையும் அழைக்கவில்லை. கொடியை நட்டவன் எவ்வாறு பிழைத்தான், அவன் வாயிலுக்கு வாங்குவோர் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே நாம் காண வேண்டியது. திராட்சையை மதுவாக்காமலே பெரும் வாணிபம் நடத்தும் குடியானவர் சங்கம் ஒன்றும் அம்மாநிலத்திலேயே வேரூன்றியது. அதனையும் இங்கே பார்ப்போம்.

ஏரிகளும் அவற்றின் வெப்பமும்

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு நோக்கி, வடக்கு தெற்காக நீண்டு குறுகிய 11 ஏரிகள் வரிசையாக அமைந்துள்ளன. படத்தில் பார்த்தால் விரித்து வைத்த கை விரல்களைப் போலத் தோன்றுவதால் அவற்றை ‘ஃபிங்கர் லேக்ஸ்’, அதாவது விரல் ஏரிகள், என்று அழைக்கின்றனர். பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பனியாறுகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை அகழ்ந்து ஆழமாக்கின. பனி உருகியபின் அவை ஏரிகளாயின. கயூகா ஏரி ஏறத்தாழ 40 மைல் நீளமுடையது. செனிக்கா ஏரி 38 மைல் நீளமும், ஆழமான இடத்தில் 618 அடி ஆழமும் உடையது. மலைநாட்டின் இடையே இருப்பினும் அதன் அடித்தரை கடல் மட்டத்திற்கும் கீழே உள்ளது.

ஏரிகளின் பெயர்களே அந்நிலத்தின் பழைய உரிமையாளர்களை நினைவூட்டுகின்றன. செனிக்கா, கயூகா என்பவை ஹோடினோஷோனி என்னும் பழங்குடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த இரு மக்களின் பெயர்கள். மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, பழத்தோட்டங்களும் வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1779ஆம் ஆண்டில், விடுதலைப் போரின்போது, வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற ஜெனரல் சல்லிவனின் படை அவர்களுடைய ஊர்களையும் களஞ்சியங்களையும் தோட்டங்களையும் எரித்து அழித்தது. இன்று அக்கரைகளில் பசுமையாகத் தழைக்கும் கொடிகளைப் பார்க்கும்போது இவ்வரலாற்றையும் மறத்தல் கூடாது.

அப்பகுதியில் குளிர்காலம் கடுமையானது. வெப்பமானி சுழிக்கு வெகு கீழே இறங்கிவிடும் இரவுகள் உண்டு. அத்தகைய நாட்டில் மென்மையான திராட்சை எவ்வாறு வளர்கிறது? விடை ஏரியின் ஆழத்தில் இருக்கிறது. ஆழமான நீர் கோடையில் மெதுவாகச் சூடேறி, குளிர்காலத்தில் மெதுவாகவே அச்சூட்டை விடுகிறது. செனிக்கா ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. ஆதலால் கரையை அடுத்த சரிவுகளில் குளிரின் கூர்மை சற்று மழுங்குகிறது. வசந்த காலத்திலோ ஏரி நீர் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் கரையோரக் காற்றும் குளிர்ந்திருக்கும். கொடிகள் துளிர்ப்பது தள்ளிப்போகும். முந்தித் துளிர்த்து, பின்வரும் உறைபனியில் கருகும் ஆபத்து இதனால் குறைகிறது. இலையுதிர் காலத்தில் நீரிலுள்ள வெப்பம் முதல் உறைபனியைத் தடுத்துவைத்து, பழம் முதிரச் சில வாரங்களைத் தருகிறது.

சரிவும் உதவி செய்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து கீழிறங்கிவிடும். கற்பலகைத் துண்டுகள் கலந்த மண்ணில் நீர் தேங்குவதில்லை. எனவே தோட்டங்கள் யாவும் ஏரியை நோக்கிச் சாய்ந்த மேடுகளிலேயே அமைந்துள்ளன. ஏரியைவிட்டு விலகிச் செல்லச் செல்லக் கொடிகள் மறைந்து, மாட்டுப் பண்ணைகளும் மக்காச்சோள வயல்களும் தொடங்கிவிடும். செனிக்கா ஏரியின் தென்கிழக்குக் கரை மற்ற இடங்களைவிடச் சற்றே வெதுவெதுப்பானது. அதற்கு அவ்வூரார் ‘வாழை மண்டலம்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டுள்ளனர். அங்கே வாழை ஒன்றுகூட இல்லை.

முதற் கொடி முதல் பெருங் கம்பெனி வரை

கியூக்கா ஏரியின் தென்முனையில் ஹாம்மண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. 1829ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பாதிரியார் வில்லியம் பாஸ்ட்விக் தம் இல்லத் தோட்டத்தில் சில திராட்சைக் கொடிகளை நட்டார். அவை தழைத்தன, அண்டை வீட்டார் கிளைகளை வாங்கிச் சென்று நட்டனர். 1860இல் அதே ஊரில் ‘பிளெசண்ட் வேலி’ மதுக் கம்பெனி தொடங்கப்பெற்றது. 1880இல் டெய்லர் குடும்பத்தின் கம்பெனி தோன்றியது. நுரைக்கும் திராட்சை மதுவுக்கு அவ்வூர் பெயர்பெற்று, ஐரோப்பியக் கண்காட்சிகளிலும் பரிசு வென்றது.

அன்று பயிரானவை அமெரிக்க மண்ணுக்கே உரிய வகைகள்: கன்கார்ட், கட்டாபா, டெலவேர், நயாகரா முதலியன. குளிரையும் பூச்சியையும் தாங்குபவை, காய்ப்பும் மிகுதி. ஆயினும் அவற்றின் மணம் தனிப்பட்டது. ஐரோப்பிய மதுவின் சுவைக்குப் பழகியோர் அதனை விரும்புவதில்லை.

1920 முதல் 1933 வரை அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. பல சிறு ஆலைகள் மூடப்பட்டன. திராட்சைச் சாறு விற்றும், தேவாலயச் சடங்குக்குரிய மதுவைச் செய்தும் சில பெரிய கம்பெனிகள் மட்டும் உயிர் தாங்கின. தடை நீங்கியபோது, குடியானவனுக்கு எதிரே இருந்த வாங்குவோர் ஒரு கை விரல்களில் எண்ணத்தக்கவரே. அறுவடை முடிந்ததும் பழத்தை வண்டியில் ஏற்றிக் கம்பெனி வாயிலில் கொண்டுபோய் நிறுத்துவான், எடை போடுவர், அறிவித்த விலையைப் பெற்றுத் திரும்புவான். அவன் பழம் எந்தப் புட்டியில் சென்றது, அதனை யார் வாங்கினர் என்பது அவனுக்குத் தெரியாது. வாங்கியவருக்கும் அவனைத் தெரியாது. விலை ஓரளவு ஒழுங்காகக் கிடைத்தவரையில் அவன் முறையிடவுமில்லை.

ஒட்டுக் கொடியின் வெற்றி

ஐரோப்பிய வகைகளான ரீஸ்லிங், ஷார்டனே போன்றவை இக்குளிரில் பிழைக்கமாட்டா என்பதே நெடுங்கால நம்பிக்கை. அதனை மாற்றியவர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க். 1899இல் உக்ரைன் பகுதியில் பிறந்து, திராட்சைப் பயிர் ஆராய்ச்சியில் பட்டம் பெற்றவர். 1951இல் அகதியாக அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் அறியாத அவருக்கு ஜெனீவா நகரின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் களைகொத்தும் கூலி வேலையே கிடைத்தது. இதைவிடக் கடுங்குளிரான தம் நாட்டில் அவ்வகைகளைத் தாம் பயிர்செய்திருப்பதாக அவர் கூறியதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் ஒருவர் உண்டு. அவர் சார்லஸ் ஃபூர்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். ஹாம்மண்ட்ஸ்போர்ட்டில் ‘கோல்ட் சீல்’ கம்பெனியை நடத்தியவர். இருவரும் குளிரைத் தாங்கும் வேர்ச்செடியைத் தேடி அலைந்து, கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள ஒரு கிறித்தவ மடத்துத் தோட்டத்தில் ஐரோப்பியக் கொடி காய்த்துக் கொண்டிருப்பதைக் கண்டனர். சீக்கிரமே முதிர்ந்து கட்டையாகும் வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் கிளையை ஒட்டுக்கட்டினால், அக்கிளையும் குளிருக்கு முன்பே முதிர்ந்துவிடும் என்பதே அவர்கள் கொள்கை. அமெரிக்க வேர் மற்றொரு வகையிலும் காவலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் தோட்டங்களை அழித்த ‘ஃபிலாக்சரா’ என்னும் வேர்ப்பூச்சியை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அமெரிக்க வேருக்கே உண்டு. பல்லாயிரம் ஒட்டுகளைக் கட்டிப் பார்த்தனர், ஆண்டுதோறும் தேர்ந்தனர். கடுங்குளிர் ஆண்டுகளிலும் அக்கொடிகள் பிழைத்துக் காய்த்தன. 1962இல் ஃபிராங்க் கியூக்கா ஏரிக்கு மேலுள்ள சரிவில் சொந்தமாகவே ஒரு மதுச்சாலையைத் தொடங்கினார். அவர் 1985இல் காலமானார்; இன்று நான்காம் தலைமுறை அதனை நடத்துகிறது.

இங்கு குடியானவர் கவனிக்கத்தக்க ஒரு முறை உண்டு. இலையுதிர் காலத்தில், நிலம் உறையுமுன், ஒவ்வொரு கொடியின் ஒட்டு முடிச்சையும் மூடுமாறு மண்ணை அணைத்து மேடாக்குகின்றனர். மேலேயுள்ள கிளை குளிரில் கருகினாலும் மண்ணுக்குள்ளிருக்கும் முடிச்சு பிழைக்கும். வசந்தத்தில் அம்மண்ணை மீண்டும் விலக்குகின்றனர். அன்றியும், ஒரே தண்டை நம்பாமல் ஒரு வேரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளை வளர்க்கின்றனர். ஒன்று பட்டுப்போனாலும் மற்றொன்று காய்க்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலின்மீது படர்ந்து ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் தரும் நம் பன்னீர்த் திராட்சையைக் கண்டவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரே அறுவடைக்காகப் படும் இப்பாடு வியப்பளிக்கும்.

சட்டம் திறந்த கதவு

வகை கிடைத்தது, வாயில் கிடைக்கவில்லை. சிறு குடியானவன் தன் பழத்தைத் தானே மதுவாக்கி, வருவோருக்கு நேரே விற்பது அன்றைய சட்டத்தில் எளிதன்று. உரிமக் கட்டணம் மிகுதி. நேரடி விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் பல. குடியானவர் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1976ஆம் ஆண்டில் ‘பண்ணை மதுச்சாலைச் சட்டம்’ இயற்றப்பட்டது; ஆளுநர் ஹியூ கேரி அதில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 50,000 காலனுக்கு மேற்படாமல் உற்பத்தி செய்யும் பண்ணை, குறைந்த கட்டணத்தில் உரிமம் பெற்று, பொதுமக்களுக்கு நேரடியாக விற்கலாம் என்று அச்சட்டம் கூறியது. பழம் அம்மாநிலத்தில் விளைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டம் வந்தது நல்வேளை. 1977இல் டெய்லர் கம்பெனியைக் கொக்கோ கோலா நிறுவனம் வாங்கியது. 1983இல் அது சீக்ராம் நிறுவனத்திற்குக் கைமாறியது. மக்களின் சுவையும் உள்நாட்டு வகைகளினின்று விலகிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து மலிவான மது வந்து குவிந்தது. ஏரிக்கரைப் பழம் பெருமளவில் தேவையற்றதாயிற்று. பல தலைமுறையாக ஒரே வாயிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அவ்வாயில் மூடத் தொடங்கியது. 1980க்குப் பிந்தைய ஆண்டுகளில் விலை சரிந்தது. சிலர் கொடிகளை வேரோடு பிடுங்கினர். சிலர் நிலத்தை விற்றனர். எஞ்சியோரில் துணிந்தவர்கள் கடன் வாங்கி, தொட்டிகளையும் பிழிபொறியையும் வாங்கிவைத்து, வீட்டுக் களஞ்சியத்தையே மதுச்சாலையாக்கினர். 1976இல் மாநிலம் முழுவதிலும் இருபதுக்கும் குறைவாகவே மதுச்சாலைகள் இருந்தன. இன்று அவை நானூற்றுக்கு மேற்பட்டவை. விரல் ஏரி வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை.

டெய்லர் குடும்பத்திலேயே பிறந்த வால்ட்டர் எஸ். டெய்லரின் கதை அப்பக்கத்தில் இன்றும் பேசப்படுகிறது. தம் பாட்டனாரின் பழைய தோட்டத்தில் அவர் ‘புல்லி ஹில்’ என்னும் மதுச்சாலையைத் தொடங்கினார். குடும்பக் கம்பெனியை விலைக்கு வாங்கியவர்கள், டெய்லர் என்ற பெயரும் தங்களுக்கே உரியது என்று வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றமும் அவர் அப்பெயரைச் சீட்டில் பொறிக்கலாகாது என்றது. அவர் புட்டிகளின் சீட்டுகளில் தம் பெயரை மையால் அழித்துவிட்டு, அழித்த அடையாளத்தோடே விற்றார். மக்கள் அதனையே தேடி வாங்கினர். தந்தை வழிப் பெயரும் ஒரு சொத்து என்பதையும், அதனை விற்றுவிட்டால் மீட்பது எளிதன்று என்பதையும் இக்கதை காட்டுகிறது.

கரை வழியே ஒரு சுற்று

இனி நாம் வழியில் இறங்குவோம். ஹாம்மண்ட்ஸ்போர்ட்டில் தொடங்கினால், கல்லால் கட்டிய பழைய பிளெசண்ட் வேலிக் கட்டடங்களைக் காணலாம். அங்கிருந்து கியூக்கா ஏரியின் மேற்குக் கரைமேல் ஏறும் சாலையில் ஃபிராங்க் குடும்பத்துத் தோட்டம் உள்ளது. கியூக்கா ஏரி ‘ஒய்’ என்னும் ஆங்கில எழுத்தைப்போலக் கிளைத்திருக்கும். மேட்டில் நின்றால் நீரும் எதிர்க்கரைத் தோட்டமும் ஒருசேரத் தெரியும்.

கிழக்கே சென்றால் செனிக்கா ஏரி. அதன் மேற்குக் கரையில், ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைக் குடும்பத்தில் பிறந்த ஹெர்மன் வீமர் என்பவர், கைவிடப்பட்ட ஒரு பண்ணையை 1973இல் வாங்கி, ஒட்டுக்கன்று நாற்றங்காலையும் தோட்டத்தையும் ஏற்படுத்தினார். அவர் நாற்றங்காலின் ஒட்டுகள் பல மாநிலங்களுக்குச் சென்றன. கிழக்குக் கரையில் லோடை என்னும் ஊரருகே எட்டு மூலைகளுடைய ஒரு மரக் கட்டடம் கண்ணைக் கவரும். அது வாக்னர் குடும்பத்துடையது. பல்லாண்டுகள் பெருங் கம்பெனிகளுக்குப் பழம் கொடுத்துவந்த குடியானவரான பில் வாக்னர், சட்டம் வந்த ஆண்டிலேயே கட்டத் தொடங்கி, 1979இல் அதனைத் திறந்தார். பழத்தை வண்டியேற்றி அனுப்பியவர், வாங்குவோரைத் தம் வாயிலுக்கு வரவழைத்த மாற்றத்திற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மேலும் கிழக்கே கயூகா ஏரி. அதன் தென்முனையில் இத்தாக்கா நகரமும் கார்னெல் பல்கலைக்கழகமும் உள்ளன. செனிக்காவின் வடமுனையிலுள்ள ஜெனீவா ஆராய்ச்சி நிலையமும் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்ததே. அங்கே உருவாக்கிய ‘கயூகா ஒயிட்’ என்னும் புதிய வகை 1972இல் வெளியிடப்பட்டது. குளிரைத் தாங்கி மிகுதியாகக் காய்க்கும் அவ்வகை, ஐரோப்பியக் கொடிக்குச் செலவு செய்ய இயலாத குடியானவருக்கும் கைகொடுத்தது.

மதுச்சாலைக்குள்

அறுவடைக் காலமான செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சென்றால் வேலை முழுவதையும் பார்க்கலாம். கூடைகளில் வந்த பழத்தைக் காம்பு நீக்கி நசுக்குகின்றனர். வெள்ளை மதுவாயின் உடனே பிழிந்து, சாற்றை மட்டும் துருப்பிடியா எஃகுத் தொட்டிகளில் விடுகின்றனர். செம்மதுவாயின் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகின்றனர். நிறம் தோலிலிருந்து இறங்குகிறது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. தொட்டியைச் சுற்றிக் குளிர்நீரை ஓடவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றனர். மெதுவாக நொதித்தால் பழத்தின் மணம் நிற்கும். ஏரிக்கரையின் புகழ்பெற்ற வகையான ரீஸ்லிங்கில், சர்க்கரை முழுதும் தீருமுன் நொதித்தலை நிறுத்திச் சிறிது இனிப்பை விட்டுவைப்பதும் உண்டு.

சில தோட்டங்களில் ஒரு பகுதிப் பழத்தைப் பறிக்காமல் கடுங்குளிர் வரை கொடியிலேயே விடுகின்றனர். வெப்பநிலை சுழிக்குக் கீழ் எட்டுப் பாகையளவு இறங்கிய விடியற்காலையில், கல்லாய் உறைந்த பழத்தைப் பறித்து அப்படியே பிழிகின்றனர். நீர் பனிக்கட்டியாக உள்ளே தங்கிவிட, தேன் போன்ற சாறு மட்டும் சொட்டும். அளவு மிகக் குறைவு. விலை மிக அதிகம். பறவைகளுக்கும் அழுகலுக்கும் தப்பி நின்றால்தான் அதுவும் கிட்டும்.

வருவோருக்கென ஒரு கூடம் உண்டு. அங்கே நீண்ட மேசைக்குப் பின் நிற்பவர், சிறு கட்டணம் பெற்று, நான்கைந்து வகைகளை ஒவ்வொன்றிலும் இரண்டொரு வாயளவே ஊற்றிக் காட்டுகிறார். இனிப்பற்றதில் தொடங்கி இனிப்புள்ளதில் முடிப்பது வழக்கம். அருகே ஒரு பாத்திரம் இருக்கும். சுவைத்ததை அதில் உமிழ்ந்துவிடுவதும், எஞ்சியதைக் கொட்டிவிடுவதும் அங்கே மரியாதைக் குறைவன்று. அன்றைக்கு வண்டியோட்ட வேண்டியவர் சுவையாமலே இருப்பர். ஊற்றிக் காட்டுபவர் பல இடங்களில் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே; எந்தச் சரிவில், எந்த ஆண்டில், எத்தகைய மழையில் அப்பழம் விளைந்தது என்பதை அவர் சொல்ல முடியும். வந்தவர் வெறும் புட்டியை வாங்குவதில்லை. அச்செய்தியையும் சேர்த்தே வாங்குகிறார். அருகிலுள்ள நேபிள்ஸ் என்னும் ஊரிலோ கன்கார்ட் திராட்சையை நிரப்பிச் சுட்ட இனிப்புப் பண்டம் பெயர்பெற்றது. மதுவைத் தொடாதவரும் அதற்காகவே வருகின்றனர்.

போட்டியாளர் சேர்ந்த வழி

1983இல் கயூகா ஏரிக்கரை மதுச்சாலைகள் சில ஒன்றுகூடி, தங்கள் இடங்களை எல்லாம் இணைத்து ஒரு ‘தடம்’ அமைத்தன. ஒரே வழிப்படம், ஒரே அடையாளப் பலகை, சேர்ந்து நடத்தும் விழாக்கள். இவ்வகையில் அந்நாட்டில் முதலாவது அதுவே. செனிக்கா, கியூக்கா ஏரிக்காரரும் பின்பற்றினர். தனித்த ஒரு சாலைக்காக எவரும் நெடுந்தூரம் பயணம் செய்யார். பத்துச் சாலைகள் ஒரு வழியில் இருந்தால் இரண்டு நாள் தங்கிச் செல்வர். அடுத்த வீட்டுக்காரன் போட்டியாளன் என்ற எண்ணம் மாறி, அவனுக்கு வரும் கூட்டம் நமக்கும் வரும் என்ற அறிவு பிறந்தது.

வட்டாரப் பெயருக்கும் காப்பு கிடைத்தது. 1982இல் ‘ஃபிங்கர் லேக்ஸ்’ சட்டப்படி வகுத்த திராட்சை வட்டாரமாயிற்று. அப்பெயரைச் சீட்டில் பொறிக்க வேண்டுமாயின் பழத்தில் நூற்றுக்கு 85 பங்காவது அங்கே விளைந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கும், 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் நம் நாட்டில் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை அங்கத்தினர் அறிவர். முறைகள் வேறாயினும் கருத்து ஒன்றே: ஊரின் பெயர் ஊராருக்குப் பயன்பட வேண்டும்.

சாற்றை விற்கும் சங்கம்

இனி, முன்னர்க் குறிப்பிட்ட கூட்டுறவைக் காண்போம். தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர் 1869இல் நியூஜெர்சி மாநிலத்தில், திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் முறையைக் கையாண்டார். தேவாலயச் சடங்குக்கு மதுவுக்கு மாற்றாகச் சாற்றை வழங்குவதே அவர் நோக்கம். அவர் மகன் தொழிலை 1897இல் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையை அடுத்த வெஸ்ட்ஃபீல்டுக்கு மாற்றினார். அங்கே கன்கார்ட் திராட்சை மைல் கணக்கில் விளைகிறது.

1945இல் கம்பெனி ஜாக் காப்லன் என்பவர் கைக்கு வந்தது. பழம் தருவோரே ஆலைக்கு உரிமையாளராகலாம் என்று அவர் கருதினார். திராட்சைக் குடியானவர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். விற்பனை வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பொது நிதியாகச் சேர்த்து, 1956இல் முழுக் கம்பெனியையும் சங்கத்திற்கே வாங்கிக்கொண்டனர். பெரும் முதலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தொடங்கவில்லை. பறித்த பழமே அவர்கள் முதல். இன்றும் அச்சாற்றுக் கம்பெனி குடியானவர் சங்கத்தின் உடைமையே.

கூட்டுறவு ஆனதால் சந்தையின் ஏற்ற இறக்கம் நீங்கிவிடாது. இனிப்புப் பானங்களைக் குறைக்குமாறு மருத்துவர் கூறும் இக்காலத்தில் சாற்று வாணிபமும் முன்போல் எளிதன்று. வேறுபாடு யாதெனில், நட்டம் வரும் ஆண்டில் என்ன செய்வது என்பதைப் பழம் விளைவிப்போரே கூடி ஆராய்கின்றனர். டெய்லர் கம்பெனி கைமாறியபோது கியூக்காக் கரைக் குடியானவரை எவரும் கலந்துகொள்ளவில்லை.

இன்றைய இடர்கள்

ஏரிக்கரைக்கு இடர் ஒழிந்ததென்று எண்ண வேண்டா. 2023 மே மாதத்தின் நடுவில், கொடிகள் துளிர்த்தபின், ஓர் இரவில் இறங்கிய உறைபனி பல தோட்டங்களின் இளந்துளிரைக் கருக்கியது. ஏரியை அடுத்த சரிவுகள் பிழைத்தன. விலகியிருந்தவை பெரிதும் இழந்தன. பருவங்கள் மாறி, குளிர்காலம் முன்னதாக முடியும்போது கொடி முந்தித் துளிர்க்கிறது. ஏரியின் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆசியாவிலிருந்து வந்து 2014இல் பென்சில்வேனியாவில் முதலில் காணப்பட்ட புள்ளிச் சிறகுடைய தத்துப்பூச்சி ஒன்று, 2020இல் இத்தாக்கா வரை வந்துவிட்டது. கொடியின் சாற்றைக் கூட்டங் கூட்டமாக உறிஞ்சுவது அது. அதன் முட்டைகளைத் தேடி அழிக்கும் பணியில் ஆராய்ச்சி நிலையமும் குடியானவரும் பொதுமக்களும் சேர்ந்து ஈடுபட்டுள்ளனர்.

சிறு மதுச்சாலை தொடங்கியவர் யாவரும் செழித்தார் என்பதும் இல்லை. பயிர் அறிவு வேறு, கணக்கு அறிவு வேறு. கடனைத் தாங்காமல் விற்றவரும் உளர். இன்றும் பலர் தம் பழத்தில் ஒரு பகுதியை மட்டும் தாமே மதுவாக்கி, எஞ்சியதை அண்டைச் சாலைகளுக்கு விற்கின்றனர். வாங்குவோர் ஒருவராய் இருந்த இடத்தில் இன்று பலர் இருக்கின்றனர். ஒருவர் மறுத்தால் மற்றொருவரிடம் செல்ல வழியுண்டு.

நம் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். நம் சரக்கில் எத்தனை பங்கு ஒரே வாயிலை நம்பியிருக்கிறது? வாங்குவோர் நம் தறியையும் தோட்டத்தையும் நேரில் கண்டு வாங்க, வழியோரமாக ஓர் அறையேனும் நம்மிடம் உண்டா? ஏரிக்கரைக் குடியானவர் இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்கியது வாயில் மூடத் தொடங்கிய பிறகு. நாம் அது திறந்திருக்கும்போதே கேட்கலாம்.